சிக்கன வடிவமைப்பில் இயற்பியல் அளவுகளின் பங்கு: நெம்புகோல் நாற்காலியும் குறையழுத்தச் சொட்டுவானும்

ஆய்வுச் சுருக்கம்

எளியோர் வாங்கத்தக்க பொருள் என்பது விலையுயர்ந்த பொருளிலிருந்து சில உறுப்புகளை நீக்கிப் பெறப்படுவது என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து பல இடங்களில் தவறான பொருள்களையே தந்துள்ளது. ஒரு பொருளின் விலையையும் அது நுகரும் வளத்தையும் எந்த இயற்பியல் அளவு ஆள்கிறது எனக் கண்டறிந்து, அவ்வளவை மாற்றுவதே பொறியியல் அறிவியல் காட்டும் வழியாகும். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான நெம்புகோல் சக்கர நாற்காலி, குறையழுத்தச் சொட்டுவான் ஆகிய இரண்டையும் கொண்டு இக்கட்டுரை இவ்வழியை விளக்குகிறது. சொட்டுவானால் கிடைக்கும் சேமிப்பு தமிழகத்தின் திறந்த கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் எவ்வாறு வேறுபடும் என்பதும் மாதிரிக் கணக்கின்வழி ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சிக்கன வடிவமைப்பு, நெம்புகோல், சொட்டுநீர்ப் பாசனம், அழுத்த ஈடுசெய்தல், நீரேற்ற உயரம், சூரிய ஆற்றல் பம்பு.

முன்னுரை

மலிவான பொருளை உருவாக்க முனையும் வடிவமைப்பாளர் முன் இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி கழித்தல். தகட்டின் தடிமனைக் குறைத்தல், உலோகத்திற்கு மாற்றாக நெகிழியைப் பயன்படுத்துதல், சில வசதிகளை விட்டுவிடுதல் ஆகியன இதில் அடங்கும். இவ்வழியில் உருவான பொருள் விற்பனை நாளில் மலிவாகவும் பயன்பாட்டு நாள்களில் செலவு மிக்கதாகவும் அமைவதுண்டு. குறைந்த வருவாயுள்ளோர் கரடுமுரடான சாலையிலும், ஏற்ற இறக்கமான மின்னழுத்தத்திலும், பழுதுபார்க்கும் கடை தொலைவிலுள்ள ஊரிலும் பொருளைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுக்கான பொருள் செல்வர் பயன்படுத்தும் பொருளைவிடக் கடுமையான சூழலைத் தாங்க வேண்டியுள்ளது. எனவே, கழித்தல் வழி தொடக்கத்திலேயே முரண்பாட்டைக் கொண்டுள்ளது எனலாம்.

இரண்டாவது வழி, விலை எங்கிருந்து பிறக்கிறது என வினவுவது. ஒரு கருவியின் விலை பெரும்பாலும் அதன் எல்லா உறுப்புகளிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. அழுத்தம், திருப்புவிசை, வெப்பநிலை, எடை ஆகியவற்றுள் ஏதேனும் ஓர் அளவு பிற உறுப்புகளின் பருமனையும் எண்ணிக்கையையும் ஆள்கிறது. அந்த அளவைக் குறைக்க முடியுமாயின், கருவியின் பிற பகுதிகள் தாமே சுருங்கும். எதைக் குறைக்கலாம், எவ்வளவு குறைக்கலாம் என்பதை அனுபவ ஊகம் சொல்லாது. விசையியலும் பாய்ம இயக்கவியலும் சொல்லும். ஏமோஸ் விண்டர் தலைமையிலான ‘கியர்’ ஆய்வகத்தின் பணிகள் இந்த இரண்டாம் வழிக்குத் தெளிவான சான்றுகள். அவற்றுள் நாற்காலி எளிமையானது என்பதால் அதனை முதலில் நோக்குவது தகும்.

நெம்புகோல் நாற்காலி

விண்டர் 2005ஆம் ஆண்டில் தான்சானியாவில் சக்கர நாற்காலிகளின் பயன்பாட்டை ஆராய்ந்தார். அங்குப் பயன்பாட்டிலிருந்தவை இரு வகையின. மருத்துவமனைகளில் காணப்படும் வழக்கமான நாற்காலி வீட்டிற்குள் உதவியது. மண்சாலையில் சிறிது தொலைவு செல்வதற்குள் பயனாளரின் தோள்கள் ஓய்ந்தன. கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி சாலையில் நன்கு ஓடியது. வீட்டு வாயிலுக்குள் நுழையவில்லை. தமிழகத்தின் சாலைகளிலும் இவ்வண்டி பழக்கமான காட்சியே. அதை ஓட்டுபவர் வாயிலில் இறங்கித் தவழ்ந்து உள்ளே செல்லும் நிலையும் புதிதன்று.

இரு தேவைகளையும் நிறைவேற்ற மிதிவண்டியில் உள்ளது போன்ற பல்சக்கர மாற்றியைப் பொருத்தலாம். ஆயின், அது விலை மிக்கது, நுட்பமானது, சிற்றூரில் பழுதுபார்க்க இயலாதது. இங்கே வடிவமைப்பை ஆளும் அளவு திருப்புவிசை. மணலிலும் ஏற்றத்திலும் அது மிகுதியாக வேண்டும். சமதளச் சாலையில் குறைவாகவும் விரைவாகவும் வேண்டும். திருப்புவிசை என்பது விசையும் சுழல்புள்ளியிலிருந்து அதன் தொலைவும் சேர்ந்த பெருக்கம். அத்தொலைவை மாற்ற எந்திரம் தேவையில்லை. கையை நகர்த்தினால் போதும்.

இந்நாற்காலியின் இருபுறமும் நீண்ட நெம்புகோல்கள் உள்ளன. அவை ஒரே விகிதமுள்ள மிதிவண்டிச் சங்கிலி வழியாகச் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. பயனாளர் நெம்புகோலின் உச்சியைப் பற்றித் தள்ளினால் திருப்புவிசை கூடும். கீழ்ப்பகுதியைப் பற்றினால் ஒரே தள்ளலில் நெம்புகோல் பெரிய கோணத்திற்குச் சுழன்று வேகம் கூடும். பற்சக்கர மாற்றியின் வேலையை மனிதக் கையே செய்துவிடுகிறது. வீட்டிற்குள் நெம்புகோல்களைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கமான நாற்காலிபோல் இயக்கலாம். அசையும் பாகங்கள் மிதிவண்டிப் பாகங்களே ஆதலால், மிதிவண்டிக் கடை உள்ள ஊரெல்லாம் பழுதுபார்க்கும் ஊர் ஆகின்றது. வடிவமைத்த குழுவின் அளவீடுகளின்படி, வழக்கமான நாற்காலியைவிட இது ஏறத்தாழ 80 விழுக்காடு விரைவாகவும் 40 விழுக்காடு கூடுதல் செயல்திறனுடனும் இயங்கியது.

கணக்கு மட்டும் போதவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த முதல் கள ஆய்வில் நாற்காலியின் அகலமும் எடையும் மிகுதி எனப் பயனாளர்கள் கூறினர். திருப்புவிசைச் சமன்பாட்டில் வாயிற்படியின் அகலம் இடம்பெறுவதில்லை. அடுத்த வடிவம் ஒடுக்கமாகவும் எடை குறைந்ததாகவும் மாற்றப்பட்டுக் குவாதமாலாவில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது.

சொட்டுநீரும் அழுத்தமும்

நாற்காலியில் ஆளும் அளவு கண்முன் தெரிவது. சொட்டுநீர்ப் பாசனத்தில் அது மறைந்துள்ளது.

இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸ் உருவாக்கிய சொட்டுவானைக் கொண்டு 1965இல் நெட்டாஃபிம் நிறுவனம் தொடங்கப்பட்டது. பயிரின் வேரடியில் மட்டும் நீர் இடுவதால் நீர் மிச்சமாகிறது என்பது அனைவரும் அறிந்தது. ஆயினும், சிறு உழவரிடம் இம்முறை பரவுவதற்கு விலை தடையாக நின்றது. குழாய்களும் சொட்டுவான்களும் மட்டும் அவ்விலையை உண்டாக்குவதில்லை. நீரை அழுத்தத்துடன் தள்ளும் பம்பும் அதற்கு வேண்டிய ஆற்றலும், மின்கம்பி எட்டாத நிலத்தில் சூரிய மின்தகடுகளும் செலவின் பெரும்பகுதியாகின்றன. பம்புக்கு வேண்டிய திறன், நீர் பாயும் வீதத்தையும் மொத்த அழுத்தத்தையும் பெருக்கிவரும் தொகைக்கு நேர்விகிதத்தில் உள்ளது. பாயும் வீதத்தைப் பயிர் தீர்மானிக்கிறது. அதைக் குறைக்க இயலாது. எஞ்சியிருப்பது அழுத்தம்.

உழவர்கள் ‘டிரிப்பர்’ என்றழைக்கும் சொட்டுவானில், அழுத்த ஈடுசெய்யும் வகையைச் சேர்ந்தவை பெரும்பாலும் 1 பார் அளவு அழுத்தத்தில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டுள்ளன. 1 பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். மணிக்குச் சில லிட்டர் நீரைச் சொட்டவிடும் விரல் நுனியளவுப் பொருள், மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு நீரேற்றும் பளுவைப் பம்பின்மீது ஏற்றுகிறது.

அழுத்தத்தை வெறுமனே குறைத்தால் என்ன?

இவ்வினா இயல்பானது, இதற்கு விடையாக ஒரு கருவியும் முன்பே வந்துள்ளது. பால் போலக் தொடங்கிய ஐ.டி.இ. அமைப்பு, உயரத்தில் தொங்கவிட்ட வாளியிலிருந்து நுண்குழாய்கள் வழியே நீர் சொட்டும் மலிவான தொகுப்புகளைச் சிறு உழவரிடம் கொண்டுசென்றது. வீட்டுக் காய்கறித் தோட்டத்திற்கு அவை பெரிதும் உதவின. நிலம் பெரிதாகும்போதும் சரிவாகும்போதும் அவற்றின் எல்லை வெளிப்பட்டது. அதன் காரணம் எளிய கணக்கில் தெளிவாகும்.

ஈடுசெய்யும் அமைப்பில்லாத சொட்டுவானில் நீர் சுழற்சி ஓட்டமாகப் பாய்கிறது. அதிலிருந்து வெளியேறும் நீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமையும். ஒரு வயலின் மறுமுனை 1 மீட்டர் மேடாக இருப்பதாகக் கொள்வோம். குழாயின் தொடக்கத்தில் 10 மீட்டர் அழுத்தம் இருந்தால் மறுமுனையில் 9 மீட்டர் கிடைக்கும். முதற்செடி மணிக்கு 4 லிட்டர் பெறும்போது கடைசிச் செடி 3.8 லிட்டர் பெறும். வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. தொடக்க அழுத்தத்தை 1.5 மீட்டராகக் குறைத்தால் மறுமுனையில் அரை மீட்டர் மட்டுமே எஞ்சும். முதற்செடிக்கு 4 லிட்டர் எனில் கடைசிச் செடிக்கு 2.3 லிட்டர். அதே மேடு, அதே குழாய். ஆனால் வயலின் ஒரு பகுதி வாடும். கடைசிச் செடியைக் காப்பாற்ற உழவர் கூடுதல் நேரம் பம்பை இயக்குவார். முதற்செடிகளின் அடியில் நீர் வீணாகும். சேமிக்க வந்த கருவியே விரயத்திற்குக் காரணமாகும்.

குழாய்ச் சுவர்களின் உராய்வாலும் இதே விளைவு நிகழும். பாயும் நீரின் அளவு மாறாதவரை உராய்வு இழப்பும் மாறாது. மொத்த அழுத்தம் குறையும்போது அவ்விழப்பின் பங்கு மட்டும் பெரிதாகிறது. எனவே, குறைந்த அழுத்தத்தில்தான் ஈடுசெய்யும் அமைப்பு மிகவும் தேவைப்படுகிறது. விலை கருதி அதைக் கழித்துவிட்ட வடிவங்கள், எது இன்றியமையாததோ அதனையே கழித்தன.

சவ்வின் இயக்கம்

ஈடுசெய்யும் சொட்டுவானின் உள்ளே சிறு வட்ட வடிவச் சிலிக்கோன் ரப்பர் சவ்வு ஒன்று உள்ளது. அதன் மேற்புறம் குழாய்நீரின் அழுத்தம் தாக்குகிறது. கீழே, நீர் வெளியேறும் துளையைச் சுற்றி ஒரு விளிம்பும், அவ்விளிம்பின் குறுக்கே வெட்டப்பட்ட நுண்கால்வாய் ஒன்றும் உள்ளன. அழுத்தம் குறைவாக இருக்கும்போது சவ்வு விளிம்பைத் தொடாமல் நிற்கும். நீர் தடையின்றிப் பாயும். அழுத்தம் கூடக்கூடச் சவ்வு வளைந்து விளிம்பை நெருங்கும். இடைவெளி குறுகித் தடை பெருகும். ஒரு நிலையில் சவ்வு விளிம்பின்மேல் படிந்துவிடும். அதன்பின் நீருக்கு நுண்கால்வாய் ஒன்றே வழி. அழுத்தம் மேலும் கூடினால் சவ்வு கால்வாய்க்குள்ளும் பிதுங்கி அதன் குறுக்குவெட்டைக் குறைக்கும். தள்ளும் விசை கூடும் அளவிற்கு வழியும் குறுகுவதால், வெளியேறும் நீர் ஏறத்தாழ மாறாதிருக்கும். மின்னணுக் கருவியோ உணரியோ இன்றி ரப்பர்த் துண்டொன்று தன்னைத்தானே நெறிப்படுத்திக்கொள்ளும் இவ்வமைப்பு பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளதே.

நீரின் அளவு மாறாநிலையை எட்டும் மிகக் குறைந்த அழுத்தம் ‘செயல்தொடக்க அழுத்தம்’ எனப்படலாம். இதனைக் குறைப்பதே சிக்கல். சவ்வின் தடிமன், விளிம்பிற்கும் சவ்விற்கும் உள்ள தொலைவு, வெளியேறும் துளையின் விட்டம், கால்வாயின் அகலம், ஆழம் ஆகிய யாவும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. ஒன்றை மாற்றினால் செயல்தொடக்க அழுத்தம் குறையும். அதனுடன் நீரின் அளவும் மாறிவிடும். அச்சு செய்து, வார்த்து, சோதித்துப் பார்க்கும் பட்டறிவு முறையில் இத்தனை மாறிகளையும் தேடிச் சலிக்க இயலாது.

கியர் ஆய்வகம் சவ்வின் வளைவையும் நீரோட்டத் தடையையும் ஒருங்கே விளக்கும் கணித மாதிரியை உருவாக்கியது. ரப்பரின் நெகிழ்வு நீரின் அழுத்தத்தைச் சார்ந்தது. நீரின் அழுத்தமோ நெகிழ்வால் குறுகிய வழியைச் சார்ந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். அம்மாதிரியை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 2017இல் வெளியானது. கணினிவழி உகப்பாக்கத்தின் மூலம் ஏறத்தாழ 0.15 பார் அழுத்தத்திலேயே செயல்படத் தொடங்கும் சொட்டுவான் வடிவம் கிட்டியது. இது வழக்கமான சொட்டுவானின் தேவையில் ஏழில் ஒரு பங்கு. மகாராட்டிரத்தின் ஜல்காவ் நகரைச் சேர்ந்த ஜெயின் பாசன நிறுவனம் இப்பணியில் இணைந்து செயல்பட்டது. மொராக்கோ, ஜோர்டான் நாடுகளின் வயல்களில் நடந்த ஆய்வுகளில் நீரேற்றும் ஆற்றல் 40 விழுக்காட்டை ஒட்டிய அளவில் குறைந்தது.

இங்குக் கருதத்தக்கது, மாற்றப்பட்டது வடிவியல் மட்டுமே என்பதாகும். மூலப்பொருள், உறுப்புகளின் எண்ணிக்கை, உற்பத்தி முறை ஆகியன அப்படியே உள்ளன. சொட்டுவானின் விலை கூடவில்லை. அதன் பயனாகக் குறையும் விலை பம்பிலும் மின்தகட்டிலும் வெளிப்படுகிறது.

இரு கிணறுகள்: மாதிரிக் கணக்கு

அழுத்தம் ஏழில் ஒன்றானால் செலவும் ஏழில் ஒன்றாகும் எனக் கருதுதல் பிழை. ஓர் ஏக்கர் நிலத்திற்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் தேவை எனக் கொண்டால், அது ஏறத்தாழ 20,000 லிட்டர். அதனை 5 மணி நேரத்தில் இறைக்க நொடிக்கு 1.1 லிட்டர் பாய வேண்டும். இந்த வீதத்தில் ஒவ்வொரு மீட்டர் உயரத்திற்கும் சுமார் 11 வாட் திறன் வேண்டும்.

திறந்த கிணற்றில் நீர்மட்டம் 8 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும், வடிகட்டியிலும் குழாய்களிலும் 5 மீட்டர் இழப்பதாகவும் கொள்வோம். பழைய சொட்டுவானின் 10 மீட்டரைச் சேர்த்தால் மொத்த நீரேற்ற உயரம் 23 மீட்டர். தேவையான திறன் 250 வாட். புதிய சொட்டுவானுடன் மொத்தம் 14.5 மீட்டர், திறன் 158 வாட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 40 விழுக்காடு செயல்திறன் கொண்டவை எனில், மின்தேவை 630 வாட்டிலிருந்து 395 வாட்டாகக் குறையும். சூரிய மின்தகட்டின் பரப்பும் அதே விகிதத்தில், அதாவது மூன்றில் ஒரு பங்கிற்கு மேல், குறையும்.

ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் 150 மீட்டரில், அதாவது ஏறத்தாழ 500 அடியில், இருப்பதாகக் கொள்வோம். பழைய சொட்டுவானுடன் 165 மீட்டர், புதியதுடன் 156.5 மீட்டர். சேமிப்பு 5 விழுக்காடு. சொட்டுவான் அதேதான், மிச்சமாகும் 8.5 மீட்டரும் அதேதான். கிணறு மட்டுமே வேறு.

இவ்வேறுபாடு தமிழகத்தைப் பொறுத்தவரை ஒரு முரணைக் காட்டுகிறது. தென்னை, வாழை, மஞ்சள் ஆகியவற்றிற்குச் சொட்டுநீர் விரும்பி ஏற்கப்படும் கொங்கு நாட்டின் பாறை நிலத்தில் ஆயிரம் அடியைத் தாண்டியும் துளையிடப்படுகிறது. அங்கு ஆளும் அளவு சொட்டுவானின் அழுத்தமன்று, நிலத்தடி நீரின் ஆழமே. நீர்மட்டம் மேலாக உள்ள காவிரிப் படுகையில் வடிமுனைக் குழாய்க் கிணறுகள் பல உள. ஆனால் அங்கு நெல்லே முதன்மைப் பயிர், சொட்டுநீர் அதற்கு இன்னும் அயலானது. பீகார், மேற்கு வங்கம் போன்று நீர்மட்டம் மேலாகவும் டீசல் பம்புகள் மிகுதியாகவும் உள்ள நிலங்களே இக்கருவியால் பெரும்பயன் பெறத்தக்கன.

எனினும் கொங்கு வட்டாரத்தில் வேறொரு வழக்கம் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியிலோ பழைய கிணற்றிலோ விட்டுத் தேக்கி, அங்கிருந்து இரண்டாம் மோட்டாரால் சொட்டுநீர்க் குழாய்களுக்குத் தள்ளுவர். இந்த இரண்டாம் கட்டத்திற்குக் குறையழுத்தச் சொட்டுவான் முழுமையாகப் பொருந்தும். இழப்புகளையும் சேர்த்து ஆறேழு மீட்டர் உயரம் போதும் என்பதால், மேட்டு நிலத்தில் அமைத்த தொட்டி ஒன்றே இரண்டாம் மோட்டாரின் வேலையைச் செய்யக்கூடும். பழைய சொட்டுவானுக்கு அத்தொட்டி 15 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டியிருந்தது.

பம்பும் கட்டணமும்

சொட்டுவானை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய பம்பை அப்படியே வைத்திருந்தால் எதிர்பார்த்த சேமிப்பு கிட்டாது. 23 மீட்டருக்கென வடிவமைத்த பம்பு 14.5 மீட்டரில் இயங்கும்போது, தன் இயல்பு வளைவின்படி கூடுதல் நீரைத் தள்ள முனையும். ஈடுசெய்யும் சொட்டுவான்கள் அதை ஏற்காது தடுக்கும். குழாயில் அழுத்தம் மீண்டும் உயரும். மிச்சமான ஆற்றல் சவ்வுகளிலேயே வீணாகும். பம்பு சிறியதாக்கப்பட வேண்டும். அல்லது ஒரே நேரத்தில் கூடுதல் பரப்பிற்கு நீர் திறக்கப்பட வேண்டும். வடிகட்டியும் இங்கு மறுபார்வைக்கு உரியது. சொட்டுவான் 10 மீட்டர் கேட்டபோது வடிகட்டியின் சில மீட்டர் இழப்பு கண்ணுக்குப் படவில்லை. சொட்டுவான் 1.5 மீட்டர் கேட்கும்போது வடிகட்டியே பெரிய செலவாளி. அதைக் கழுவாது விட்டால் குறையழுத்த அமைப்பு முற்றிலும் நின்றுபோகவும் கூடும்.

மின்கட்டணம் இன்னொரு மாறி. தமிழகத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்து வேளாண்மைக்கு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. சிறு, குறு உழவர்க்குச் சொட்டுநீர்க் கருவிகளுக்கு 100 விழுக்காடும் பிறர்க்கு 75 விழுக்காடும் மானியம் உண்டு. ஆகவே, மின்வலையிலிருந்து இறைக்கும் உழவர்க்குக் குறையழுத்தச் சொட்டுவானால் கைக்கு வரும் மிச்சம் ஏதுமில்லை. மிச்சம் மின்வாரியத்திற்கும் அரசுக்கும் உரியது. கருவியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதன் பயனைப் பெறுபவர் மற்றொருவர். 2019இல் தொடங்கிய பி.எம். குசும் திட்டத்தின் சூரிய ஆற்றல் பம்புகளில் நிலைமை மாறுகிறது. அங்கு மின்தகட்டின் விலையில் உழவரும் தம் பங்கைச் செலுத்துகிறார். தகடு சிறியதானால் அவர் பங்கும் சிறியதாகும். மானியத் தகுதிக்கான பம்பின் குதிரைத்திறன் நிலப்பரப்பையும் கிணற்றின் ஆழத்தையும் மட்டும் கொண்டு கணிக்கப்பட்டால், சொட்டுவானின் அழுத்தம் அக்கணக்கில் நுழைய இடமில்லை. அப்போது 395 வாட் போதுமான வயலுக்கும் பழைய அளவிலான பம்பே வந்து சேரும். பகல் முழுதும் கட்டணமின்றி ஓடும் அப்பம்பு, தேவைக்கு மேலான நீரையும் நிலத்தடியிலிருந்து வெளியேற்றும்.